மகளுக்கு, உருளைக்கிழங்கு மசியல் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

ஒக்டோபர் மாதத் தாங்ஸ்கிவிங் விருந்துக்கு உன் மாமியார் வீட்டார் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றும், உருளைக்கிழங்கு மசியலை நீயே செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய் என்றும், முன்கூட்டியே செய்து பார்த்தபோது அது பசையாகி இழுபட்டது என்றும் எழுதியிருந்தாய். பிளெண்டரில் அடித்ததாக இடையில் ஒரு வரி வந்ததே, காரணம் அதிலேயே இருக்கிறது. பாரிஸ் உணவகச் சமையலறைகளில் நான் உழைத்த காலம் முழுவதும் இந்த மசியல் என் கைப்படச் செய்த பண்டம். அதில் எனக்குப் பற்று அதிகம் என்பது உனக்குத் தெரியும். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

கிழங்கினுள் என்ன நடக்கிறது என்பது விளங்கிவிட்டால் செய்முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உருளைக்கிழங்கின் சதை எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்குள்ளும் மாச்சத்து மணிமணியாக அடைபட்டிருக்கிறது. கிழங்கின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும் அளவில் அந்த மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி அறையை நிரப்பிக்கொள்கின்றன. கொதிநிலையை நெருங்கும்போது, அறைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் இளகுவதால், அவை உடையாமலேயே தனித்தனியாகப் பிரிகின்றன. இப்படி முழுசாகப் பிரிந்த அறைகளின் திரள்தான் நல்ல மசியல். பிளெண்டரின் அலகு அறைச்சுவர்களைக் கிழித்துவிடுகிறது. உள்ளே வீங்கிக் கிடந்த மா வெளியே வந்து ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலைக்குப் போனதை எவ்வளவு பட்டர் விட்டாலும் மீட்க முடியாது. ஆகவே அவிந்த கிழங்கை எவ்வளவு குறைவாக வதைக்கிறாயோ அவ்வளவு நல்லது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதையொட்டியதுதான்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் உனக்குக் கவலையே வேண்டாம். மஞ்சள் சதையுள்ள யூகோன் கோல்ட் நீ இருக்கும் ஒன்ராறியோவிலேயே, குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 1980இல் சந்தைக்கு வந்த இனம். அதில் மாச்சத்து நடுத்தரமாக இருப்பதால் மசியல் வழுவழுப்பாகவும் சுவையாகவும் வரும். ரஸ்ஸெற் கிழங்கில் மாச்சத்து இன்னும் கூடுதல். அது பொலபொலவென்று மசிந்து பாலை நிறையக் குடிக்கும். சிறிய சிவப்புக் கிழங்கை மட்டும் தொடாதே, அது சாலட்டுக்கு உரியது. பச்சை பிடித்த கிழங்கையும் முளை விட்டதையும் கடையிலேயே ஒதுக்கிவிடு. அவற்றில் சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். வாங்கியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதே. அந்தக் குளிரில் மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, மசியலில் பொருந்தாத ஓர் இனிப்பு தட்டும். இருட்டான, காற்றோட்டமுள்ள ஒரு மூலை போதும்.

இங்கே பிரான்ஸில் மசியல் என்று சொன்னால் ஜோயெல் ரொபுஷோனின் பெயர் வராமல் போகாது. 1981 இறுதியில் பாரிஸில் ஜமேன் என்ற உணவகத்தைத் திறந்து, மூன்றே ஆண்டுகளில் மிஷெலின் மூன்று நட்சத்திரங்களையும் பெற்ற அந்தச் சமையற்காரரின் புகழில் பெரும் பங்கு இந்த எளிய மசியலுக்கு உண்டு. ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் பட்டர் என்பது அவருடைய அச்சான செய்முறையில் உள்ள கணக்கு. உணவகத்தில் அதையும் விடக் கூடுதலாகப் போட்டார் என்று சமையலறைகளில் பேசிக்கொள்வோம். அவர் பயன்படுத்திய ரத் என்ற சிறு கிழங்கு மாச்சத்துக் குறைந்தது. அதைத் தோலுடன் அவித்து, உரித்து, காய்கறி மசிக்கும் கை ஆலையில் சுற்றி, இன்னும் நுண்மை வேண்டுமென்றால் மெல்லிய சல்லடையிலும் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த உழைப்பு உணவகத்துக்குத் தகும். வீட்டு விருந்தில் வான்கோழியும் குழம்பும் சேரும்போது அவ்வளவு பட்டர் வயிற்றை அடைக்கும் என்பதே என் எண்ணம். நீ ஒரு கிலோவுக்கு 120 கிராம் வைத்துக்கொள். பத்துப் பேருக்கு இரண்டு கிலோ கிழங்கு தாராளமாகக் காணும்.

அவிப்பதைப் பார்ப்போம். தோல் நீக்கி, நான்கு சென்ரிமீற்றர் அளவில், எல்லாத் துண்டுகளும் ஒத்த பருமனாக இருக்கும்படி வெட்டி, வெட்டிய முகங்களில் ஒட்டிய மா போகும்வரை கழுவு. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டு. கொதிநீரில் போட்டால் நடு வேகுமுன் வெளிப்புறம் கரைந்துவிடும். உப்பை அப்போதே, லீற்றருக்குப் பத்துக் கிராம் கணக்கில் போட்டுவிடு. பின்னால் போடும் உப்பு கிழங்கின் உள்ளே அப்படி இறங்குவதில்லை. தளதளவென்று கொதிக்க விடாமல் மெல்லக் கொதிக்க விட்டால் இருபது நிமிடமளவில் கத்தி தடையின்றி இறங்கும். நடுவில் சற்றே கடினம் தட்டினாலும் பொறுத்திரு. அரைகுறையாக அவிந்த துண்டுதான் பின்னால் கட்டியாக நிற்கும்.

பலர் வடித்த கையோடு மசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதே. வடித்த கிழங்கை அதே வெறும் சட்டியில் திரும்பக் கொட்டி, மெல்லிய தீயில், மர அகப்பையால் மெதுவாகப் புரட்டிக்கொண்டிரு. முதலில் ஆவி திரண்டு எழும்பும்; பிறகு அது மெலியும்; துண்டுகளின் ஓரம் வெண்மையாக மாப் பூத்து, சட்டியின் அடியில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டத் தொடங்கும். மூன்று நான்கு நிமிடத்தில் அந்தப் பக்குவம் வந்துவிடும். தண்ணீர் வெளியேறிய இடத்தில்தான் பட்டரும் பாலும் குடியேற முடியும். ஈரமாகவே மசித்ததில் எவ்வளவு விலையுயர்ந்த பட்டரை விட்டாலும் அது சப்பென்றுதான் இருக்கும்.

மசிப்பதற்கு இங்கே வீடுகளில் கைப்பிடியைச் சுற்றும் காய்கறி ஆலை இருக்கும். 1932இல் அதைச் செய்து விற்கத் தொடங்கிய ழான் மாந்தலே, மனைவி பரிமாறிய மசியலில் கட்டிகள் இருந்ததால்தான் அந்த யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். வீட்டுச் சமையல் கருவிகள் செய்யும் மூலினெக்ஸ் நிறுவனம் வளர்ந்தது அந்த ஆலையிலிருந்துதான். அதற்காக நீ கடைக்கு ஓட வேண்டாம். அம்மா உனக்குத் தந்துவிட்ட இடியப்ப உரலில் முறுக்குக்குரிய பெரிய துளை அச்சைப் போட்டு, கிழங்கைச் சூடாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து எடு. அமுக்கும் விசை நேர் கீழாக ஒரே தடவை போவதால் அறைகள் பெரும்பாலும் முழுசாகவே வெளியேறுகின்றன. ஆறவிட்டுப் பிழியாதே, ஆறிய மா இறுகிவிடும், பிழிய பலமும் வேண்டும், பதமும் கெடும்.

பிழிந்ததைச் சட்டியில் இட்டு, மிக மெல்லிய தீயில், குளிர்ந்த பட்டரைச் சிறு துண்டுகளாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் கலந்தபின் அடுத்ததைப் போடு. பட்டர் முழுவதும் சேர்ந்த பிறகே பால். பட்டர் முதலில் போய் மாவைச் சுற்றிப் படிந்துகொள்வதால் பின்னால் வரும் பால் அதைப் பசையாக்குவது குறையும் என்பது சமையலறையில் எனக்குச் சொல்லித்தந்த முறை. மாற்றிச் செய்து பார்த்தவர்களும் இதற்கே திரும்பி வந்தார்கள். கிலோவுக்கு 200 மில்லிலீற்றர் முழு ஆடைப்பாலைக் கொதிக்கும் சூட்டில் வைத்து, மெல்லிய தாரையாக விட்டுக் கலக்கு. விரும்பிய தளர்வு வந்ததும் நிறுத்து; பாலில் மீதி இருந்தால் இருக்கட்டும். கடைசியில் வெள்ளை மிளகும், துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகையும் போடு. உள்ளியை அவிக்கும் தண்ணீரில் நான்கு பல் போட்டு, கிழங்கோடு பிழிந்துவிடலாம். உன் மாமியார் வீட்டாருக்கு அது பிடிக்குமோ என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்.

விருந்தன்று அடுப்பு உனக்கு ஓய்வு தராது. ஆகவே ஒரு மணி நேரம் முன்பே முடித்து, மேலே நாலு கரண்டி சூடான பாலைப் பரப்பி மூடி, வெந்நீர் நிறைந்த பெரிய சட்டிக்குள் அந்தச் சட்டியை இறக்கி வை. பரிமாறும் நேரத்தில் அந்தப் பாலையே உள்ளே கலந்துவிட்டால் ஏடு படியாது.

மிஞ்சியதை மறுநாள் கட்லற்றுக்கோ றோல்ஸுக்கோ எடுக்காதே. பால் கலந்ததால் உருண்டை பிடிக்காமல் எண்ணெயில் விரிந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு கிண்ணம் பிழிந்த கிழங்கைப் பட்டரும் பாலும் சேர்க்குமுன் எடுத்து வைத்துவிடு. மிஞ்சிய மசியலுக்கு இந்த ஊர் வழி ஒன்று உண்டு: வதக்கிய கொத்திறைச்சியின் மேல் அதைப் பரப்பி, சீஸ் தூவி, மேற்புறம் சிவக்க அவணில் வைப்பார்கள். கிழங்கை உண்ணத் தகாததென்று ஒதுக்கிய பிரெஞ்சு மக்களை 18ஆம் நூற்றாண்டில் அதை உண்ண வைக்கப் பாடுபட்ட பார்மோந்தியேயின் பெயரால்தான் அந்தப் பண்டத்தை அழைக்கிறார்கள். பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதியின் மேல் இன்றும் யாரோ உருளைக்கிழங்குகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். பூவுக்குப் பதிலாகக் கிழங்கு வைத்த அந்தக் கைகளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

விருந்துக்கு முன் வரும் சனிக்கிழமை அரைக் கிலோவில் ஒரு தடவை செய்து பார். சட்டியின் அடியில் படலம் ஒட்டும் பக்குவம் பிடிபடவில்லையென்றால் அடுப்பில் இருக்கும்போதே வீடியோவில் என்னைக் கூப்பிடு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா