உன் தோழியைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில், கருக்கலைப்புக்காக வெளி மாநிலம் போய்வந்த உன் ஆபீஸ் தோழியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அவளா போய் மாட்டிக்கிட்டா" என்றாயே, அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ இருக்கும் டெக்சாஸில் 2021 செப்டம்பரிலேயே கருக்கலைப்புக்கு ஆறு வாரத்தோடு கதவைச் சாத்தினார்கள். ஆறு வாரம் என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். பல பேருக்கு அதற்குள் தெரியவே தெரியாது. கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின், தாயின் உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து என்றால் ஒழிய அங்கே வழியில்லை. கையில் காசிருப்பவள், அனுமதி இருக்கும் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவுக்கு விமானம் ஏறுவாள். சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வாங்குபவள்? அந்தக் கூலி 2009-லிருந்து ஏறவே இல்லை. பிரசவத்துக்கு அங்கே சட்டம் தரும் 12 வார விடுப்புக்குச் சம்பளம் கிடையாது; சின்னக் கம்பெனி என்றால் அந்த விடுப்பும் இல்லை.

டயானா கிரீன் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, கருக்கலைப்பு கேட்டு வந்த ஏறத்தாழ 1,000 பெண்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து விசாரித்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள். மறுத்து அனுப்பப்பட்டவர்களின் தவணை தவறிய கடன் 78 சதவீதம் கூடியிருந்தது. திவால், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு போன்ற பதிவுகள் 81 சதவீதம் கூடியிருந்தன. அடிக்கிற ஆளை விட்டுப் பிரிய முடியாமல் போனதும் அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களுடைய மற்றப் பிள்ளைகள் வறுமையில் வளர்ந்ததும் கூடுதல். இதை வாசித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்று உனக்குத் தெரியாது. உனக்கு மூன்று வயதில் எனக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. அப்பாவுக்கு வேலை போயிருந்த நேரம். இங்கே இந்தியாவில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் 1971-லேயே வந்திருந்ததால் அரசு மருத்துவமனைக்குப் போய், அன்று மாலையே வீடு திரும்பினேன். மறுவாரம் வேலைக்குப் போனேன். உன் ஸ்கூல் ஃபீஸை அந்தச் சம்பளத்தில்தான் கட்டினேன். நான் மாட்டிக்கொள்ளவில்லை பாப்பா. எனக்கு வழி இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பெண் யாரிடமும் வாய் திறக்காததற்கும் காரணம் இருக்கும். உதவி செய்தவர் மேலேயே யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டு, குறைந்தது 10,000 டாலர் கேட்கலாம் என்று அந்த 2021 சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் துருவாதே. சட்டம் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொண்டு என்ன செய்ய முடியுமோ செய்.

அவள் போய்வந்த இரண்டு நாளும் அவள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? அடுத்த தடவை போன் செய்யும்போது சொல்.

அன்புடன்,
அம்மா