பூட்டிய மைதானத்தைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: மைதானத்தில் விளையாடிவந்த நான்கு மொழிக்காரர்களின் சார்பாக

பெறுநர்: விளையாட்டுத் திடல்களுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்

பொருள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புற மைதானத்தைத் திறந்துவிட வேண்டுதல் தொடர்பாக

பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள் (பதில் வரவில்லை)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

அந்த மைதானத்தைத் தாங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள், வழி சொல்ல வேண்டியதில்லை. பராமரிப்பு என்று பலகை மாட்டிப் பூட்டி ஏழு மாதம் ஆகிறது. உள்ளே ஒரு மண்வெட்டி கூட இறங்கவில்லை. கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. சுற்றியுள்ள தெருக்களில் நான்கு மொழி பேசுகிறவர்கள் குடியிருக்கிறோம். நாங்கள் கலந்து பழகிய ஒரே இடம் அது.

2. 1966 உலகக் கோப்பைக் கால்பந்தில் அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியேற்றினார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. ராட்டின் போக மறுத்ததால் ஆட்டமே சில நிமிடங்கள் நின்றுபோனது. அந்த உலகக் கோப்பையில் நடந்த குழப்பத்தை நினைத்துக்கொண்டே காரில் போன கென் ஆஸ்டன் என்ற நடுவர், போக்குவரத்து விளக்கைப் பார்த்து யோசித்ததுதான் எச்சரிக்க மஞ்சள், வெளியேற்றச் சிவப்பு என்ற அட்டை முறை. 1970-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று எந்த நாட்டுக்காரருக்கும் அது புரிகிறது. எங்கள் பிள்ளைகளும் அட்டைப்பெட்டியை வெட்டி வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். தகராறு வந்தால் அட்டை, அப்புறம் ஆட்டம். பேச்சே தேவைப்படவில்லை.

3. இதுதான் எங்களை அதிகம் வருத்துவது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன், குடும்பத்தோடு புதிதாகக் குடிவந்தவன். எங்கள் மொழி ஒரு சொல் தெரியாது. மூன்று மாதம் யாரோடும் பேசாமல் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் கோல்கீப்பர் வரவில்லை, இவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான். அன்றைக்குத்தான் அவன் பெயரைக் கேட்டார்கள், தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். அடுத்த வாரமே "விடு", "என்னோடது" என்று எங்கள் மொழியில் கத்திக்கொண்டிருந்தான். அவன் அம்மாவும் வேலி ஓரம் நின்று மற்ற அம்மாக்களோடு சைகையில் சிரித்துப் பேச ஆரம்பித்தார். பூட்டுப் போட்ட பிறகு ஒவ்வொரு மொழிக்காரர் பிள்ளையும் அவரவர் சந்துக்குள் ஒதுங்கிவிட்டது. சந்தில் நான்கு பேருக்கு மேல் ஆட இடமில்லை, அந்த நான்கு பேரும் அண்டைவீட்டுப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். இந்தப் பையனின் சந்தில் அவன் வயதில் யாருமில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு மாலையில் கேட் முன்னால் வந்து நிற்கிறான் ஐயா. மறுபடி பேச்சு நின்றுவிட்டது. தாங்கள் ஒரு மாலை வந்து பார்த்தால் போதும், நாங்கள் எழுதவே வேண்டாம்.

4. 1971-இல் நகோயாவில் நடந்த மேசைப்பந்துப் போட்டியின்போது அமெரிக்க வீரர் கோவன் சீன அணியின் பேருந்தில் ஏறினார். சீன வீரர் சுவாங் சடோங் அவருக்கு ஒரு பட்டு ஓவியம் கொடுத்தார். சில நாட்களில் அமெரிக்க அணி சீனாவுக்கே போனது. பகையாக இருந்த இரண்டு நாடுகள் நெருங்க அது வழிவிட்டது. பக்கத்து பக்கத்துத் தெருக்காரர்களான நாங்கள் கேட்பது ஒரு சாவி!

5. புல் வேண்டாம். விளக்கும் வேண்டாம்.

இன்னும் எத்தனை மனு எழுதுவது? பராமரிப்பு நடக்கிறது என்றால் என்றைக்கு முடியும் என்றாவது சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் பூட்டு எதற்கு? கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருள வேண்டும். தினமும் மாலை இரண்டு மணி நேரமாவது திறந்துவிடுமாறு மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். கூட்டிப் பெருக்குவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். தயவுசெய்து திறந்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் பெற்றோரும் பிள்ளைகளும்

இணைப்பு: நான்கு மொழிகளில் இட்ட கையெழுத்துகள்