சைடிங் இருக்கிறவரை

அன்புள்ள கதிரேசா,

கடிதம் வந்தது. "நூறு பேர் ஊருக்கு ரயில் எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் ரயில்தான் மூத்தது. ஊர் அதன் பிள்ளை. கிராண்ட் டிரங்க் பசிபிக் கம்பெனி பாதை போட்டுக்கொண்டே போய் ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்தது: வாட்ரஸ், ஜீனா, யங், ஜெல்மா. இசட் தீர்ந்ததும் மறுபடி ஏ: ஆலன், பிராட்வெல், கிளேவட். எட்டுப் பத்து மைலுக்கு ஒன்று. குதிரை வண்டியில் கோதுமையைக் கொட்டிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரம் அது.

ஊருக்கு ஊர் நின்ற மர எலிவேட்டர்களை, அதாவது தானியத்தை மேலேற்றிச் சேர்த்து வைத்து வேகனில் இறக்கும் உயரமான களஞ்சியங்களை, நீ படத்தில் பார்த்திருப்பாய். கோதுமை பக்கவாட்டில் நெட்டித் தள்ளும். நிறுத்தி அடித்த பலகை பிய்த்துக்கொள்ளும். அதனால் 2க்கு 6 அங்குலக் கட்டைகளைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்துச் சுவர் எழுப்பினார்கள். லாரி வந்ததும் பத்து மைல் கணக்கு பொய்த்தது. அரசும் ரயில்வேயும் செய்துகொண்ட 1897 க்ரோஸ் நெஸ்ட் ஒப்பந்தம் தானியத்துக்கான ரயில் கட்டணத்தை ஏறவிடாமல் கட்டிப்போட்டிருந்தது. பின்னாளில் அதன் இடத்தில் மானியம் வந்து, 1995இல் அதுவும் போயிற்று. கம்பெனிகள் நூறு வேகன் ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் களஞ்சியங்களுக்கு மாறின. மர எலிவேட்டர்களை இடித்தார்கள்.

தப்பிய ஊர்களில் பலவற்றைத் தாங்குவது, விவசாயி தானே வேகன் கேட்டு வாங்கி ஏற்றும் உரிமை. 1902இல் சிந்தலூட்டா விவசாயிகள் வேகன் ஒதுக்கீட்டுக்காக ரயில்வே ஏஜெண்டைக் கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்தார்கள். இன்றும் கனடா தானிய ஆணையத்துக்கு விண்ணப்பித்தால் வேகன் கிடைக்கும்.

ஏற்றுவதில்தான் சூட்சுமம். வேகன் வந்ததும் அடிக்கதவுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று சரியாகச் சாத்தாவிட்டால் தண்டவாளம் நெடுகக் கோதுமைக் கோடு விழும். மேலே ஏறி மூடி திறந்து டார்ச் அடித்து, பழைய சரக்கும் ஈரமும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு ஆகர், அதாவது குழாய்க்குள் திருகு சுழன்று தானியத்தை மேலேற்றும் கருவி. அதைத் தூக்கிய நிலையில் நகர்த்தி மின்கம்பியில் பட்டுச் செத்தவர்கள் உண்டு. இறக்கிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

ஒரு வேகன் சுமார் 90 டன் கொள்ளும்; பெரிய இரட்டை டிரெய்லர் லாரி 40 டன் சொச்சம். ஒரு முனையை நிரப்பிவிட்டு மறுமுனைக்குப் போனால் பாரம் ஒருபக்கச் சக்கரங்கள்மேல் ஏறும். எல்லா அறையிலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கோதுமையில் இடம் மிச்சமிருக்கும்போதே எடை முடியும். ஓட்ஸில் இடம் நிரம்பும், எடை வராது. கோதுமை ஈரம் 14.5 சதவீதத்தைத் தாண்டினால் காயவைக்கும் செலவைத் துறைமுகத்தில் கழிப்பார்கள். கெடுவுக்குள் ஏற்றாவிட்டால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம்.

பாதையும் ஒத்துழைக்க வேண்டுமே. பழைய கிளைப்பாதைகளில் கெஜத்துக்கு 60, 65 பவுண்டு தண்டவாளம். நிறைந்த வேகனோ 2,63,000 பவுண்டு. பனி இளகும்போது அடிமண் சேறாகிக் கட்டைகள் அமுங்கும். மணிக்கு 10 மைலுக்கு மேல் ஓட்ட முடியாத இடங்கள் உண்டு. பெரிய கம்பெனி இதற்குச் செலவழிக்காது. ஷானவனைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயை 2004இல் உள்ளூர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கினார்கள். என் கணக்கில் அதுதான் சரியான வைத்தியம். தானியக் கிளைப்பாதையை மூடினால் கம்பெனி மைலுக்கு 10,000 டாலர் வீதம் மூன்று ஆண்டு உள்ளூர் நிர்வாகத்துக்குத் தர வேண்டும் என்று சட்டம். லாரிகள் கிழிக்கும் சாலைக்கு அது எத்தனை நாள் காணும்?

ரயில் இருந்தாலே ஊர் பிழைக்கும் என்று சொல்லமாட்டேன். பள்ளியும் கூட்டுறவுக் கடையும் போனால் ரயில் உள்ள ஊரும் ஆடும்.

அந்தப் பக்கம் போனால் சைடிங்கை, அதாவது வேகன் ஒதுங்கி நின்று சரக்கேற்றும் பக்கத் தண்டவாளத்தைக் குனிந்து பார். மேல்முகம் பளபளத்தால் வேகன் வந்துபோகிறது. துருவேறி, நடுவில் கோதுமை முளைத்து இடுப்பு உயரம் நின்றால் விசாரிக்கவே வேண்டாம்.

பதில் போடு.

அன்புடன்,
ராமு