பேனா விலை மைனஸ் பத்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. நீ மறக்கிற ஆள்.

இங்கே பேத்தி ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலமானால் கணக்கு நோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது குறுக்குப் பெருக்கல் முறை நடக்கிறது, இரண்டு சமன்பாட்டிலிருந்து தெரியாத இரண்டு எண்ணைக் கண்டுபிடிக்கிற வழி. ஞாபகம் இருக்கிறதா, கெழுக்களை, அதாவது x, y முன்னால் வரும் எண்களை, இரண்டு வரியாக எழுதிக் குறுக்கே அம்புக்குறி போடுவோமே? எனக்கு அம்பு மட்டும்தான் நினைவிருந்தது. எதிலிருந்து எதைக் கழிப்பது என்பது போயே போச்சு.

2 பேனாவும் 3 நோட்டும் 80 ரூபாய். 3 பேனாவும் 1 நோட்டும் 50 ரூபாய். இவள் போட்ட விடை: பேனா −10, நோட்டு −20! "கடைக்காரர் பேனாவையும் கொடுத்து மேலே பத்து ரூபாயும் தருகிறாரா?" என்றேன். முறைத்தாள். பெருக்கலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தோம். ஒரு தப்பும் இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. அந்தச் சூத்திரம், வலப்பக்கம் பூச்சியம் இருக்கும்படி எழுதிய சமன்பாட்டுக்கு. 80, 50 இரண்டையும் இடப்பக்கம் கொண்டுவந்து −80, −50 என்று வைத்திருக்க வேண்டும். அதை விட்டதால் எண் சரியாக வந்து, குறி மட்டும் மாறிப்போச்சு.

அப்புறம் நீக்கல் முறையிலும், அதாவது ஒரு பொருளைக் கழித்து நீக்கிவிட்டு, போட்டுப் பார்த்தோம். இரண்டாவதை 3ஆல் பெருக்கினால் 9 பேனாவும் 3 நோட்டும் 150 ரூபாய். முதல் சமன்பாட்டைக் கழித்தால் 7 பேனா 70 ரூபாய். அம்புக்குறிக் கணக்கிலும் −70ஐ −7ஆல்தான் வகுக்கிறோம்! நீக்கலையே எழுத்துகளை வைத்து ஒரு தடவை செய்து முடித்துவிட்டார்கள், அதுதான் சூத்திரம். இந்த வயதில்தான் எனக்கு உறைக்கிறது. வாத்தியார் அன்றைக்கே சொல்லி, நான் தூங்கியும் இருக்கலாம்.

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2022இல் பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து இந்த முறையை எடுத்துவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை, நீக்கலே போதும். ஆனால் அம்புக்குறிக் கணக்கில் கீழே வந்து வகுக்கிற எண், நம் கணக்கில் −7, அது ஒன்று எனக்குப் பிடிக்கும். இரண்டாவது பில் 4 பேனா, 6 நோட்டு, 160 ரூபாய் என்றிருந்தால் அது பூச்சியமாகிவிடும். முதல் பில்லையே இரட்டித்தது, அவ்வளவுதான். விலை கண்டுபிடிக்க வழியில்லை.

உனக்கும் ஒரு கணக்கு கொடுக்கச் சொன்னாள். 4 இட்லி 1 வடை 44 ரூபாய், 2 இட்லி 3 வடை 52 ரூபாய். கண்ணுக்கு வேலை கொடுக்காமல் மனக்கணக்காகப் போட்டு எழுது.

அன்புடன்,
ராமு