பழைய கார்டை லேமினேட் செய்யச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய படத் தபால் கார்டுகளுக்கு ஞாயிறு இணைப்பில் இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கடைசியில் கட்டம் கட்டி, ‘லேமினேட் செய்துவிட்டால் நூறு வருடத்துக்குக் கவலையில்லை’ என்று போட்டுவிட்டீர்களே! அதை நம்பி எத்தனை வீட்டுக் கார்டுகள் ஜெராக்ஸ் கடைக்குப் போயினவோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

லேமினேஷன் உறையின் உட்புறம் சூட்டில் உருகும் பசை. உருளைகளுக்கு நடுவே கார்டு போகும்போது அது காகித நாருக்குள் இறங்கிவிடும். பிறகு உரித்தால் படமும் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். புடைப்பு அச்சு நசுங்கும். அசல் புகைப்படக் கார்டின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு; சூடு அதற்கு ஆகவே ஆகாது.

பழைய கார்டு பெரும்பாலும் 9 x 14 செ.மீ. அதைவிட நாலைந்து மில்லிமீட்டர் பெரிய பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் கவர் போதும். பி.வி.சி. கூடவே கூடாது. புது ரெயின்கோட் வாடை அடித்தால் பி.வி.சி.தான், நாளடைவில் பிசுபிசுத்து மையைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். கவரிலிட்ட கார்டுகளைப் பெட்டியில் நிற்கவைத்து, இறுக்காமல் அடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். குறிப்பெழுத பென்சில் மட்டும்.

அதே பக்கத்தில் சென்னை ஐகோர்ட் கார்டுக்கு 1895 என்று போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே அதன் பின்புறமும் இருக்கிறது: நடுவில் கோடு, ஒரு பாதி முகவரிக்கு, மறு பாதி செய்திக்கு. இப்படிப் பிரிக்க முதலில் அனுமதித்தது பிரிட்டன், 1902-ல். அமெரிக்காவில் 1907 மார்ச் 1 முதல்தான். அதற்கு முன் அந்தப் பக்கம் முழுவதும் முகவரிக்கே. சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினார்கள். கட்டடம் 1892-ல் திறந்ததென்றால் கார்டும் அந்தக் காலமாகிவிடுமா? தாங்கள் அறியாததல்ல.

மெட்ராஸ் தினம் வரும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் இதே வருத்தம். படத்தை மட்டும் போடுகிறீர்கள், அதிலும் கீழே இருக்கும் வெளியீட்டாளர் பெயரை வெட்டிவிட்டு. கார்டின் கதை பின்புறத்தில் அல்லவா இருக்கிறது! தபால்தலையில் ஏழாம் எட்வர்ட் மன்னர் என்றால் கார்டு 1902-க்கு முன் தபாலில் போயிருக்காது. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911-க்கு முன் போயிருக்காது. சரியான தேதியைச் சொல்வது தபால் முத்திரைதான். அந்த முத்திரை பாதி தபால்தலையிலும் பாதி அட்டையிலுமாக விழுந்திருக்கும். தபால்தலைக்கு ஆசைப்பட்டு கார்டைத் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் தேதியையே இரண்டாகப் பிய்த்துவிடுகிறார்கள். அதைக் கண்டித்து ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை.

‘அந்நாளைய சேலை நிறங்கள் அப்படியே’ என்று எழுதியதும் தவறு. எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். நிறம் அச்சகத்தில் ஏற்றியது. இந்தியக் கார்டுகளில் நிறைய ஜெர்மனியில் அச்சானவை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியும். அசல் புகைப்படத்தில் புள்ளியே இருக்காது.

முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை, பரவாயில்லை. இதையும் முழுதாக வெளியிட வேண்டாம். அடுத்த ஞாயிறு, அதே இடத்தில், அதே அளவு கட்டத்தில், ‘பழைய கார்டுகளை லேமினேட் செய்யாதீர்கள்’ என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மயிலாப்பூர்.