இரண்டு ரிமோட், ஒரு சீரியலும் வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் டி.வி. மெக்கானிக்காக இருந்தவன் நான். இப்போது கடை இல்லை. கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்ய மதுரைக்குப் போய், நான்கு நாள் ஒரு லாட்ஜில் தங்கினோம். லாட்ஜ் மோசமில்லை. வெந்நீர் வந்தது, லிஃப்ட் ஓடியது, பாத்ரூம் தரை வழுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த டி.வி.யைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு 83 வயது. ஆபரேஷன் முடிந்து, கண்ணில் மூடியோடு அறைக்கு வந்து, இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்தாள். எட்டேகால் மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எட்டரைக்கு அவளுடைய சீரியல். "கண்ணைச் சிரமப்படுத்தாதேன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றேன். "பார்க்கவா கேட்டேன்? காதுல விழுந்தா போதும்டா" என்றாள். நியாயம்தானே.

43 இஞ்ச் ஸ்மார்ட் டி.வி. மேஜையில் இரண்டு ரிமோட். ஒன்றுக்குப் பின்மூடி இல்லை, பேட்டரியை மருத்துவ பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள் (ஊருக்கேற்ற வைத்தியம்!). இன்னொன்று எதற்கு என்றே தெரியவில்லை. எதை அழுத்தினாலும் எதுவும் அசையவில்லை. பழைய வழக்கப்படி செல்போன் கேமராவைத் திறந்து ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகக் காட்டி அழுத்திப் பார்த்தேன். ரிமோட் வேலை செய்தால் நம் கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சம் பெரும்பாலான கேமராக்களில் மினுக்கென்று தெரியும். தெரியவில்லை. பேட்டரி காலி. ரூம் பையன் நல்ல பிள்ளை, ஓடிப்போய் புது பேட்டரி வாங்கி வந்தான். மணி எட்டு முப்பத்தெட்டு.

டி.வி. எழுந்தது. சேனல் எதுவும் வரவில்லை. ஒரு சினிமாச் செயலியின் பக்கம் திறந்து, "யார் பார்க்கிறீர்கள்?" என்கிற மாதிரி நான்கு முகங்கள் வரிசையாக நின்றன. அப்பா, அம்மா, குட்டிம்மா, இன்னொன்றுக்குப் பெயரில்லை. யாரோ ஒரு குடும்பம் கணக்கை மூடாமலே ஊருக்குப் போய்விட்டது. சரி, யூடியூபிலாவது ஏதாவது பக்திப் பாட்டு போடலாம் என்று அதைத் திறந்தேன். அதுவும் அவர்களுடைய கணக்குதான். தேடல் பெட்டியைத் தொட்டதும் அவர்கள் கடைசியாகத் தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. "கண் ஆபரேஷன் செய்தால் தலைக்கு எப்போது குளிக்கலாம்." அதற்குக் கீழே ஒரு கார்ட்டூன். அதற்கும் கீழே, "சுகர் உள்ளவருக்குப் போன பார்வை திரும்புமா."

எனக்குக் கை நின்றுவிட்டது. எனக்கு முன்னால் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதர் எந்த ஊரோ, யாரை அழைத்து வந்தாரோ. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தேடியிருப்பார். அது நான் பார்க்க வேண்டியதில்லை. நான் பார்க்க வேண்டும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். டி.வி.யின் அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய் இரண்டு கணக்கையும் வெளியேற்றினேன். அதற்கே பத்து நிமிடம் ஆனது. அதற்குள் சீரியல் முக்கால்வாசி போயிற்று.

ரிசப்ஷனுக்கு இறங்கிப் போய்க் கேட்டேன். "கேபிள் எடுத்துட்டோம் சார். இப்ப யாரு கேபிள் பார்க்கிறா? உங்க அக்கவுண்டைப் போட்டுக்கங்க, எல்லாம் வரும்" என்றார் தம்பி. என்னிடம் அக்கவுண்ட் இல்லை. அம்மாவுக்கு இருக்கவே வழியில்லை. வைஃபை வேண்டுமென்றால் செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட வேண்டும், அதுவும் ஒரு அறைக்கு ஒரு போன்தான். கடைசியில் என் மகளுக்குப் போன் செய்து, அவள் சந்தாவைக் கடன் வாங்கி, என் செல்போனில் சீரியலைப் போட்டு அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்துக் கேட்ட மாதிரி கேட்டாள். சுவரில் 43 இஞ்ச் சும்மா தொங்கியது.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த டி.வி.க்குப் பின்னால் கேபிள் சாக்கெட் இருந்தது. அதன் மேல் சுவரோடு சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அப்படி ஒயர் இழுத்துச் சாக்கெட் வைப்பதுதான் நான் ஆயுசு முழுக்கச் செய்த வேலை.

1992 பிப்ரவரியில் எங்கள் ஊரில் மகாமகம். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜுக்கு ஒயரிங் செய்தேன். அதுவரை லாட்ஜ் என்றால் ரிசப்ஷனில் ஒரு டி.வி. இருக்கும். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு எல்லோரும் பெஞ்சில் உட்கார்வார்கள். ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்து, காற்றடித்தால் மாடியேறித் திரும்பவும் திருப்பிய காலம். 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் வந்தபோது பம்பாய், டெல்லி நட்சத்திர ஹோட்டல்களில் டிஷ் வைத்து சி.என்.என். காட்டினார்கள் என்று பேப்பரில் வந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் லாட்ஜ் முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது. "போர் எல்லாம் வேணாம், நமக்குப் படம் காட்டுப்பா" என்றார்.

ரிசப்ஷன் மேஜைக்குக் கீழே ஒரு வி.சி.ஆர். அதிலிருந்து ஒரு மாடுலேட்டர் (படத்தை டி.வி. சேனலாக மாற்றும் பெட்டி), அப்புறம் ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் கோஆக்சியல் என்கிற கேபிள் ஒயர், அறைக்கு அறை அதைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர். ராத்திரி ஒன்பதரைக்கு கேசட்டைப் போட்டால் எல்லா அறையிலும் ஒரே படம். பாட்டு வந்தால் நடையில் நின்றே கேட்கலாம், எல்லாக் கதவிடுக்கிலிருந்தும் ஒரே பாட்டு வரும். ரிசப்ஷன் பையன் தூங்கிவிட்டால் கேசட் முடிந்து எல்லாத் திரையிலும் புள்ளி புள்ளியாகக் கொட்டும். கடைசி அறையில் மட்டும் உருவத்துக்குப் பக்கத்தில் நிழல் உருவம் ஒன்று விழுந்தது. ஒயரின் முடிவில் 75 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட மறந்திருந்தேன். போட்டதும் நிழல் போய்விட்டது. பத்துப் பைசா சமாச்சாரம். 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி. வந்தது, மொட்டை மாடியில் பெரிய வலை டிஷ் ஏறியது. அதே ஒயரில் அதையும் விட்டேன்.

அப்போது ஒரு டிஷ் வைத்தால் எல்லா அறைக்கும் போதும். ஒயரை இழுத்தால் படம் வந்தது. டிஜிட்டல் கேபிள் வந்து, சிக்னலைப் பூட்டி, ஒவ்வொரு டி.வி.க்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் என்று ஆனதும் கணக்கு மாறியது. 2019-ல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொண்டுவந்த முறையில் வீட்டுக்கே அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய் வரை இருந்தது, வரியோடு 153 சொச்சம். கட்டணச் சேனல் அதற்கு மேல். அதே கணக்கில் போட்டாலும் முப்பது அறைக்கு மாதம் நாலாயிரத்து அறுநூறு ஆனது. லாட்ஜ்காரருக்கு வலிக்கத்தான் செய்யும். அதனால் ஒரு தடவை செலவழித்து ஸ்மார்ட் டி.வி. வாங்கி மாட்டிவிட்டு, "உங்கள் அக்கவுண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அவர்களுடைய மாதச் செலவை நம் சந்தாவின் தலையில் கட்டுகிறார்கள். சில இடங்களில் முதலாளி தன் வீட்டுச் சந்தாவையே எல்லா அறையிலும் போட்டு வைக்கிறார் என்று தொழிலில் இருக்கும் பையன்கள் சொல்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று விதியிலேயே எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

பெரிய ஹோட்டல்களில் இந்தத் தொல்லைக்கு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே மாட்டுவது ஹோட்டலுக்கென்றே செய்த டி.வி. பில் போடும் கம்ப்யூட்டரோடு அதை இணைத்து வைத்தால், நீங்கள் அறையைக் காலி செய்ததும் நீங்கள் நுழைத்த கணக்கெல்லாம் தானாக அழிந்துவிடும். சத்தம் இதற்கு மேல் போகக் கூடாது, ஆன் செய்ததும் இந்தச் சேனல்தான் வர வேண்டும், அமைப்புக்குள் யாரும் கை வைக்கக் கூடாது என்றெல்லாம் பூட்டி வைக்கலாம். சத்தப் பூட்டு ஒன்றுக்காகவே அதை வாங்கலாம் என்பேன். லாட்ஜில் அறைக்கும் அறைக்கும் நடுவில் நாலரை இஞ்ச் சுவர். எங்கள் மூன்றாவது ராத்திரி முழுக்கப் பக்கத்து அறையில் கிரிக்கெட்.

சாதாரண லாட்ஜ்காரர் அவ்வளவு விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையில் வாங்கிய டி.வி.யிலேயே செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. கூகுள் டி.வி. வகையைக் கணக்கே கேட்காத சாதா டி.வி.யாக ஓட்டலாம், முதலில் அமைக்கும்போதே அது கேட்கும். ஆன் செய்தால் பாக்ஸ் படமே முதலில் வரும்படி பல டி.வி.யில் வைக்கலாம். ஆள் காலி செய்ததும் அமைப்பில் போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்க ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகும். படுக்கை விரிப்பை மாற்றும் நேரத்தில் அது பாட்டுக்கு நடக்கும். முந்தைய ஆள் படுத்த விரிப்பில் அடுத்த ஆளைப் படுக்க வைக்க மாட்டார்கள் அல்லவா? இதையும் விரிப்பு மாதிரி நினைத்தால் போதும்.

எல்லா அறைக்கும் பாக்ஸ் முடியாது என்றால், கீழ்த்தளத்தில் வயதானவர்களுக்குக் கொடுக்கும் நாலைந்து அறைக்காவது வைக்கலாம். ஆஸ்பத்திரியை நம்பி நடக்கும் லாட்ஜில் தங்குவது யார்? அறுபது, எழுபது, எண்பது வயதுக்காரர்கள். பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அறையில் கிடப்பவர்களுக்கு டி.வி. ஒன்றுதான் பேச்சுத் துணை. காலையில் திருப்பதி சேனல், மத்தியானம் பழைய பாட்டு, ராத்திரி சீரியல், நடுவில் செய்தி. இவ்வளவுக்கு ஒரு பாக்ஸும், தமிழில் பெரிய எழுத்தில் சேனல் நம்பர் எழுதிய ஒரு அட்டையும் போதும்.

ரிமோட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2012-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மூன்று மாகாணங்களில் ஹோட்டல் அறைகளைத் துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். மொத்தம் ஒன்பது அறைதான், சின்ன ஆய்வு. கழிப்பறையில் கிருமி அதிகம் இருந்ததில் ஆச்சரியமில்லை. அதோடு போட்டி போட்டவற்றில் டி.வி. ரிமோட்டும் கட்டில் விளக்கின் சுவிட்சும் இருந்தன. சுத்தம் செய்பவர்களின் துடைப்பானிலும் பஞ்சிலும்கூட நிறைய இருந்ததாம். இதை நான் படித்தது எப்போதோ. மதுரையில் அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விடப் போனபோது ஞாபகம் வந்தது. அப்போதுதான் அந்தப் பிளாஸ்திரி ரிமோட்டைக் கீழே வைத்திருந்தேன். எழுந்து போய் இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கண் ஆபரேஷன் செய்தவர்கள் மாற்றி மாற்றித் தங்கும் அறை அது. எத்தனை பேர் அந்த ரிமோட்டை அழுத்திவிட்டு அதே கையோடு மருந்து பாட்டிலைத் திறந்திருப்பார்கள்? ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, ஆள் மாறும்போது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் பத்திரிகையில் விடுதிகளைப் பற்றி எழுதும்போது வாடகை, ஏ.சி., பார்க்கிங் எல்லாம் வருகிறது. அறையில் டி.வி. இருக்கிறதா என்பதையும் ஒரு கட்டமாகப் போட்டு டிக் அடிக்கிறீர்கள். அந்த டி.வி.யில் கணக்கில்லாமல் ஒரு தமிழ்ச் சேனலாவது வருகிறதா, காலி செய்யும்போது கணக்குகளை அழிக்கிறார்களா என்று உங்கள் நிருபர்கள் ரிசப்ஷனில் கேட்டு எழுதினால் உபகாரமாக இருக்கும். கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் செய்துவிடுவார்கள். தங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கணக்கை லாட்ஜ் டி.வி.யில் போட்டிருந்தால், சாவியைக் கொடுக்கும் முன் வெளியேறுங்கள். மறந்துவிட்டால் ஊருக்குப் போயும் செய்யலாம். நெட்ஃபிளிக்ஸ், கூகுள் இரண்டிலும் மற்றக் கருவிகளிலிருந்து வெளியேறும் வசதி உண்டு.

கிளம்பும் அன்று மேனேஜரிடம் இதையெல்லாம் சண்டையில்லாமல் சொன்னேன். பழைய பாக்ஸெல்லாம் எங்கே என்று கேட்டதற்கு ஸ்டோர் ரூமைக் காட்டினார். ஒரு சாக்கு நிறைய இருந்தது. எங்கள் அறையில் இருந்த இரண்டாவது ரிமோட் அந்த பாக்ஸுக்கானது. பாக்ஸ் போய், ரிமோட் மட்டும் தங்கிவிட்டது. பையில் இருந்த ஸ்குரூடிரைவரால் சாக்கெட்டின் மேல் இருந்த பெயின்ட்டைச் சுரண்டி விட்டுவிட்டுத்தான் வந்தேன். ஒயர் நல்ல ஒயர், செம்பு பச்சை பிடிக்கவே இல்லை. மாட்ட வேண்டும் என்று தோன்றினால் அவருக்கு உடைக்கிற வேலை மிச்சம்.

அம்மாவுக்கு இப்போது பார்வை பளிச்சென்று தெரிகிறது. வீட்டுக்கு வந்த வாரம் எட்டரை மணிக்கு டி.வி.க்கு முன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். அப்புறம், "ஏன்டா, இவளுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?" என்றாள்.

இப்படிக்கு,
பழைய டி.வி. மெக்கானிக் ஒருவர்,
கும்பகோணம்.