கடற்கரைப் பள்ளிகளுக்கு என்.சி.சி. கடற்படைப் பிரிவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்பவன். என் மகள் கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்தபோது, மீன்குஞ்சுக்கு நீச்சல் வகுப்பா என்று தெருவில் சிரித்தார்கள்.

அந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி 27 அடி வேலர் படகில். ஐந்து துடுப்பு, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. ஒருவன் முந்தி இழுத்தாலே முன்னால் இருப்பவன் துடுப்பில் இடிக்கும், படகு கோணிக்கொள்ளும். சுக்கான் பிடிப்பவர் குரலுக்கு ஐந்து பேரும் ஒன்றாக இழுக்க வேண்டும். வீட்டில் அண்ணன் எதிரே வாய் திறக்காத பிள்ளை, சுக்கானில் உட்கார்ந்து தன்னைவிட மூத்த பையன்களை அதட்டியதைக் கரையில் நின்று பார்த்தேன். தலைமைப் பண்பு என்று மேடையில் பேசுகிறார்களே, அது இதுதான் போலிருக்கிறது. (வெள்ளைச் சீருடைக்குக் கஞ்சி போட்டே அவள் அம்மாவுக்குப் பாதி நாள் போகிறது, அது வேறு கதை.)

முடிச்சும் காற்றும் நீவாடு என்கிற நீரோட்டமும் எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் லைஃப் ஜாக்கெட்? பல வள்ளங்களில் அது அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், சுருட்டியபடி கிடக்கும். கட்டாமல் யாரும் ஏறக்கூடாது என்று மகள் ஒருநாள் வந்து நின்றுவிட்டாள். மாமன், சித்தப்பன் முறைக்காரர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள்.

என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவு 1952-லேயே வந்துவிட்டது. எல்லையோர, கடலோர மாவட்டங்கள் 173-இல் ஒரு லட்சம் பேரைப் புதிதாகச் சேர்க்கப்போவதாக 2020 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சொன்னார். சரி, எங்களைப் போன்ற கடற்கரை ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்கெல்லாம் அது எப்போது வந்து சேரும்? ஜூனியர் பிரிவில் சேர்வது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில். எங்கள் பையன்கள் பலர் படிப்பை விட்டு மடிவலை இழுக்க வருவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். கல்லூரியில்தான் கிடைக்கும் என்றால், அது யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் அதற்குள் கடலில் இருப்பார்கள்.

எல்லா ஊருக்கும் வேலர் வாங்க முடியாது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தொழிலுக்குப் போவதில்லை. என் வள்ளத்தைத் தருகிறேன், ஓட்ட நானே வருகிறேன். டீசலை மட்டும் கல்வித் துறை பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
வள்ளக்காரர் ஒருவர்,
திரேஸ்புரம், தூத்துக்குடி.